ஒரு மெகாஹெர்ட்ஸ் கணினியில் ஓடிய விண்கலம்: யுரிடியத்தின் வேகம் எங்கிருந்து வந்தது?

கமடோர் 64 கணினியின் செயலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முறைதான் துடிக்கும். இன்று சட்டைப்பையில் கிடக்கும் மலிவு விலை போன்கூட அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமானது. அப்படியிருந்தும், 1986-ல் அந்தக் கணினிக்கு வந்த யுரிடியம் என்ற விண்வெளிச் சண்டை கேமை இன்று புதிதாக எடுத்து ஆடுபவர், முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். திரை அவ்வளவு வேகமாகப் பாயும். அந்தப் பாய்ச்சலில் ஒரு திக்கல், ஒரு நடுக்கம் இருக்காது.

இவ்வளவு மெதுவான கணினியில் அந்த வேகம் எப்படி சாத்தியமானது என்பதுதான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பெருக்கல் கணக்கு வரும், அவ்வளவுதான்.

முதலில் இந்த வகை கேம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் கொண்டுவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் திரை அசையாது. எதிரிகள் மேலிருந்து இறங்குவார்கள், நீங்கள் கீழே நின்று சுடுவீர்கள். கண்ணில் படுவதுதான் மொத்த உலகமும். 1981-ல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக யூஜின் ஜார்விஸ் உருவாக்கிய டிஃபெண்டர் அதை உடைத்தது. உலகம் திரையைவிடப் பல மடங்கு நீளம். திரை அதில் ஒரு சன்னல் மட்டும். கலம் பறக்கப் பறக்க அந்தச் சன்னல் பக்கவாட்டில் நகரும். இதைத்தான் பக்கவாட்டு ஸ்க்ரோலிங் என்கிறோம். அதே ஆண்டு வந்த கொனாமியின் ஸ்க்ராம்பிள் வேறு வழியில் போனது. அதில் திரை தானாக ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போக முடியாது. பிறகு வந்த கிரேடியஸ், ஆர்-டைப் எல்லாம் ஸ்க்ராம்பிள் வழி வந்தவை. எந்தத் திசையில் போவது என்பதை டிஃபெண்டரில் ஆடுபவர்தான் முடிவு செய்கிறார். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பெரிய தலைவலியாக வரும்.

இவையெல்லாம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்கள். கேமுக்காகவே வடிவமைத்த மின்சுற்று அவற்றின் உள்ளே இருக்கும். கமடோர் 64 அப்படியல்ல. 1982-ல் 595 டாலர் விலையில் வந்த, வீட்டு டிவியில் சொருகிக்கொள்ளும் கணினி அது. கடிதம் தட்டச்சு செய்யவும், வீட்டுக் கணக்குப் போடவும், பிள்ளைகள் பேசிக் (BASIC) என்ற நிரல் மொழி பழகவும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிள்ளைகள் என்ன பழகினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

யுரிடியத்தை எழுதியவர் ஆண்ட்ரூ பிரேபுரூக் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் நிறுவன வேலையில் கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். ஸ்டீவ் டர்னர் தொடங்கிய கிராஃப்ட்கோல்டு என்ற சின்னக் குழுவில் சேர்ந்து, 1985-ல் பாராட்ராய்டு என்ற கேமால் பெயர் வாங்கியிருந்தார். யுரிடியத்தை வெளியிட்டது ஹியூசன் கன்சல்டன்ட்ஸ்.

கதை இரண்டு வரிதான். 15 கிரகங்களைச் சுற்றி 15 ராட்சதக் கப்பல்கள் நின்றுகொண்டு தாது வளத்தைக் கொள்ளையடிக்கின்றன. உங்களிடம் மாண்டா என்ற ஒரே ஒரு சின்னக் கலம். கப்பலின் முதுகுக்கு மேல் தாழப் பறந்து, அங்கிருப்பதை எல்லாம் சுட்டு நொறுக்க வேண்டும். அணி அணியாக வரும் எதிரி விமானங்களைத் தட்டிவிட வேண்டும். கப்பலின் ஓட்டைகளிலிருந்து கிளம்பித் துரத்தும் கண்ணிவெடிகளிடமிருந்து தப்ப வேண்டும். போதுமான அளவு நொறுக்கியதும், இறங்கச் சொல்லித் திரையில் எழுத்து மின்னும். கப்பலின் ஓடுபாதையில் இறங்கினால் ஒரு சிறிய சூதாட்டம் மாதிரி ஒன்று வரும். பிறகு மேலே எழும்பிப் பறக்க, கீழே கப்பல் கரைந்து மறையும். கப்பல்களுக்கு உலோகப் பெயர்கள்: துத்தநாகம், ஈயம், செம்பு என்று தொடங்கி, கடைசிக் கப்பலின் பெயர் யுரிடியம். அப்படி ஒரு உலோகமே கிடையாது. பிரேபுரூக்கின் நண்பர் ராபர்ட் ஆர்ச்சர்டு நிஜமாகவே அப்படி ஒன்று உண்டு என்று நினைத்துச் சொன்ன பெயராம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

கமடோர் 64-ன் திரை 320 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம். மொத்தம் 64,000 புள்ளிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெமரியில் வைத்தால், வெறும் இரண்டு நிறத்துக்கே, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம், 8,000 பைட் வேண்டும். ஒவ்வொரு முறை கலம் நகரும்போதும் அந்த 8,000 பைட்டையும் நகர்த்தி எழுத இந்தச் செயலியால் ஆகாது.

அதனால் வேறு வழி. திரையை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. குறுக்கே 40, நெடுக்கே 25, ஆக 1,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரை ஒரு எண். அந்த எண்ணுக்கு உரிய சின்னப் படத்தைக் கணினியின் வீடியோ சிப் தானே எடுத்து அந்தக் கட்டத்தில் வரைந்துவிடும். இது எழுத்துகளைக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அ, ஆ என்ற எழுத்துப் படங்களுக்குப் பதிலாகக் கப்பலின் தகடு, ஆணி, குழாய், சுவரின் விளிம்பு என்று 256 துண்டுப் படங்களை நாமே வரைந்து வைத்துக்கொள்ளலாம். பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பக்கம் கோப்பார்களே, அப்படித்தான். எழுத்து வகைகள் கொஞ்சம்தான், அவற்றைக் கொண்டு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கோக்கலாம்.

இதில் கிடைக்கும் சேமிப்பைப் பாருங்கள். பத்துத் திரை நீளம், 20 வரிசை உயரம் உள்ள ஒரு கப்பல் என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 20-ஆல் பெருக்கினால் 8,000 பைட். புள்ளி புள்ளியாக வைத்தால் ஒரே ஒரு திரைக்கு ஆகும் இடத்தில் முழுக் கப்பலும் அடங்கிவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். கட்டங்களை நகர்த்தினால் படம் எட்டு எட்டுப் பிக்சலாகத்தான் தாவும். கண்ணுக்கு அது குதித்துக் குதித்துப் போவதாகத் தெரியும். இங்கேதான் வீடியோ சிப்பின் ஒரு வசதி கைகொடுக்கிறது. மெமரியில் 53270 என்ற முகவரியில் ஒரு ரெஜிஸ்டர், அதாவது சிப்பின் நடத்தையை மாற்றும் எண்ணை எழுதிவைக்கும் சின்ன இடம், இருக்கிறது. அதில் ஒரு சின்ன எண்ணை மாற்றினால் மொத்தத் திரையும் 0 முதல் 7 பிக்சல் வரை பக்கவாட்டில் விலகி நிற்கும். இதற்குச் செயலி ஒரே ஒரு பைட் எழுதினால் போதும்.

இதை நீங்களே பார்க்கலாம். கமடோர் 64-ஐ அப்படியே நடித்துக் காட்டும் வைஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்து, பேசிக்கின் போக் கட்டளையால் 53270-ல் முதலில் 192 என்று எழுதுங்கள் (POKE 53270,192). திரையின் இரண்டு ஓரங்களும் கொஞ்சம் உள்ளே வந்து, 40 கட்டம் தெரிந்த இடத்தில் 38 மட்டும் தெரியும். அடுத்து 193, 194 என்று 199 வரை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். எழுத்துகள் எல்லாம் ஒவ்வொரு பிக்சலாக வலப்பக்கம் நகரும். ஓரத்தை ஏன் குறுக்க வேண்டும் என்றால், புதிதாக உள்ளே வரப்போகும் கட்டம் பாதி வரைந்த நிலையில் வெளியே தெரியக்கூடாது, அதற்காகத்தான். 200 என்று எழுதினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆக, ஸ்க்ரோலிங்கின் சூத்திரம் இது: ஏழு பிக்சல் வரை ரெஜிஸ்டரால் நகர்த்து, எட்டாவது பிக்சலில் ரெஜிஸ்டரைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, 1,000 கட்டங்களையும் ஒரு கட்டம் தள்ளி எழுது. மெதுவாக நகரும் கேமில் எட்டு ஃப்ரேமுக்கு, அதாவது டிவி எட்டு முழுப் படம் காட்டுவதற்கு, ஒரு முறைதான் அந்தப் பெரிய வேலை. மற்ற ஏழிலும் செயலி கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது.

இந்த விளக்கத்தோடு நிறுத்திவிடும் கட்டுரைகள்தான் அதிகம். எனக்கு அதில் குறை உண்டு. ஏனென்றால் யுரிடியம் மெதுவான கேம் இல்லை. ஃப்ரேமுக்கு ஒரு பிக்சலுக்குப் பதில் நாலு பிக்சல் நகர்ந்தால், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு முறை கட்டங்களைத் தள்ள வேண்டும். எட்டுப் பிக்சல் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தள்ள வேண்டும். வேகம் கூடக் கூட ரெஜிஸ்டர் தரும் உதவி கரைந்துகொண்டே வந்து, உச்ச வேகத்தில் ஒன்றுமே மிஞ்சாது. அதாவது வன்பொருளின் பிரபலமான உதவி, மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடுகிறது.

அப்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய ஐரோப்பிய டிவி நொடிக்கு 50 படம் காட்டும். ஒரு படத்துக்கு 312 கோடுகள், ஒரு கோட்டுக்குச் செயலிக்கு 63 துடிப்புகள். பெருக்கினால் 19,656. ஒரு ஃப்ரேமுக்குள் செய்ய வேண்டிய எல்லா வேலைக்கும் அவ்வளவுதான் பட்ஜெட். ஒரு பைட்டை மெமரியில் ஓர் இடத்திலிருந்து எடுக்க 4 துடிப்பு, இன்னோர் இடத்தில் வைக்க 5 துடிப்பு. 1,000 கட்டங்களுக்கு 9,000. பட்ஜெட்டில் பாதி போயிற்று. அப்புறம் நிறம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன நிறம் என்பது 55296-ல் தொடங்கும் தனி மெமரியில் இருக்கும். அதுவும் 1,000 கட்டம், அதற்கும் 9,000. ஆக 18,000. மீதி 1,656 துடிப்புகள். அதிலும் வீடியோ சிப் தன் வேலைக்காக, எழுத்து வரிசை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் செயலியை நிறுத்திவைத்து 40 துடிப்பு எடுத்துக்கொள்ளும். 25 வரிசைக்கு அது 1,000. கடைசியில் கையில் நிற்பது அறுநூற்றுச் சொச்சம். எதிரி விமானங்கள், குண்டுகள், ஒலி, ஜாய்ஸ்டிக், மதிப்பெண் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். வாய்ப்பே இல்லை.

இப்போது யுரிடியத்தின் ஏதாவது ஒரு லெவலின் படத்தை எடுத்துப் பாருங்கள். கப்பல் முழுவதும் ஒரே உலோகச் சாயல். ஒளி மேலே ஒரு பக்கமிருந்து விழுவதாக வைத்து, விளிம்புகளில் வெளிச்சமும் மறுபுறம் நிழலும் பிரேபுரூக் தீட்டியிருப்பார். கோயில் சுவரின் புடைப்புச் சிற்பத்தைப் பார்க்கும் உணர்வு வரும். எல்லோரும் இதைக் கலைநயம் என்று பாராட்டினார்கள். உண்மைதான். ஆனால் அதில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கவனியுங்கள். இந்த வீடியோ சிப்பில் பல கட்டங்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் நிறங்கள் உண்டு. எல்லாக் கட்டங்களும் அதே சில நிறங்களையே பயன்படுத்தினால், நிற மெமரியை நகர்த்தவே தேவையில்லை. எல்லா இடத்திலும் ஒரே எண்தானே? நகர்த்தினாலும் நகர்த்தாவிட்டாலும் ஒன்றுதான். 9,000 துடிப்புகள் மொத்தமாக மிச்சம்! கப்பலை ஈயத்திலிருந்து செம்பாக மாற்றவும் இரண்டு மூன்று ரெஜிஸ்டர்களில் எண்ணை மாற்றினால் போதும்.

பல வண்ணத்தில் ஜொலிக்கும் கேம்களும் கமடோர் 64-ல் உண்டு. அவை எப்படிச் சமாளித்தன என்று கேட்கலாம். அவற்றில் பல ஸ்க்ராம்பிள் வழி வந்தவை, அதாவது திரை ஒரே திசையில் போகும். அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். அதனால் மெமரியில் வேறோர் இடத்தில் அடுத்த திரையை, ஃப்ரேமுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்து வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் சட்டென்று மாற்றிவிடலாம். யுரிடியத்தில் மாண்டா எந்த நொடியில் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? இடப்பக்கத்துக்காகத் தயார் செய்து வைத்தது, ஆடுபவர் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் தட்டிய உடனே வீண். தவிர, திரையைத்தான் இரண்டு பிரதி வைத்துக்கொள்ள முடியும். நிற மெமரிக்கு ஒரே இடம், அதை மாற்ற முடியாது. இரு திசைச் சுதந்திரமும், பாய்ச்சல் வேகமும், பல நிறமும் மூன்றும் சேர்ந்து கிடைக்காது. பிரேபுரூக் நிறத்தை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பிடித்த முடிவு இது. சாம்பல் நிறக் கப்பல் என்பது குறையாகத் தெரியாமல் இரும்பின் கனமாகத் தெரிகிறது.

அந்தக் கால டிவித் திரையில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டே போகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கற்றை ஒரு வரிசையை வரைந்துகொண்டிருக்கும்போதே அந்த வரிசையை மாற்றினால், மேல் பாதி பழைய படமும் கீழ்ப் பாதி புதிய படமுமாகக் கிழிந்து தெரியும். அதனால் கற்றை எந்தக் கோட்டில் இருக்கிறது என்று 53266-ஆம் முகவரியைப் பார்த்து, அது தாண்டிப்போன பகுதியில் மட்டும் கைவைப்பார்கள். திரையின் மேல்பகுதியில் மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க, கீழே கப்பல் மட்டும் பாய்வதும் இப்படித்தான். கற்றை பட்டையைத் தாண்டிய பிறகே விலகல் எண்ணை மாற்றுவது.

மாண்டாவும் எதிரிகளும் இந்தக் கட்டங்களில் வருவதில்லை. அவை ஸ்பிரைட்கள். 24 பிக்சல் அகலம், 21 பிக்சல் உயரம் கொண்ட தனிப்படங்களை, பின்னணியைத் தொடாமலேயே அதன்மேல் எங்கு வேண்டுமானாலும் மிதக்கவிட வீடியோ சிப்பில் வசதி உண்டு. மொத்தம் எட்டு. இடத்தைச் சொல்லும் எண்ணை மாற்றினால் போதும், படம் அங்கே போய்விடும். எதிரிகள் ஐந்தாறு பேராக அணிவகுத்து வருவதற்கு இந்த எட்டும் ஒரு காரணம் என்று தாராளமாக ஊகிக்கலாம்.

மோதல் விஷயம் சுவாரசியமானது. ஸ்பிரைட் பின்னணியைத் தொட்டால் சொல்லும் ரெஜிஸ்டர் ஒன்று சிப்பிலேயே இருக்கிறது. ஆனால் இங்கே மாண்டா எப்போதும் கப்பலின் முதுகுக்கு மேலேதான் பறக்கிறது. தாழ்வான தகட்டுக்கு மேல் பறந்தால் ஒன்றும் ஆகாது, உயர்ந்த சுவர் என்றால் சாவு. இரண்டும் பின்னணிதான், சிப்புக்கு வித்தியாசம் தெரியாது. கலத்துக்கு நேர் கீழே உள்ள கட்டத்தின் எண் என்ன, அது சுவருக்கு உரிய எண்ணா என்று நிரல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. சரி, ஆடுபவருக்கு எப்படித் தெரியும்? நிழலால். உயர்ந்த சுவர் தளத்தின்மேல் நிழல் போடும். மாண்டாவுக்கும் கீழே ஒரு நிழல் கூடவே ஓடும். மேலிருந்து பார்க்கும் தட்டைப் படத்தில் உயரத்தைச் சொல்ல வேறு வழி அநேகமாக இல்லை.

இனி ஆட்டத்தின் பக்கம். மாண்டா திரையின் நடுவாக்கில் இருக்கிறது என்றால் அதற்கு முன்னால் தெரிவது 160 பிக்சல். ஃப்ரேமுக்கு எட்டுப் பிக்சல் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 20 ஃப்ரேம், அதாவது 0.4 நொடி. மனிதக் கண் பார்த்து, கை அசைவதற்கே கால் நொடி வேண்டும். ஆக முழு வேகத்தில் போகும்போது, பார்த்து விலகுவது என்பது பேச்சுக்குத்தான். மெதுவாகப் போய்ச் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த சுற்றில் வேகம் எடுப்பதுதான் நடக்கும். வேகத்தை ஆடுபவர் கையில் கொடுத்திருப்பதால்தான் இது அநியாயமாகத் தெரிவதில்லை. செத்தால், அவசரப்பட்டது நாம்தான்.

திரும்பும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜாய்ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளினால் மாண்டா சட்டென்று முகம் மாற்றிக்கொள்ளாது. வேகம் குறைந்து, மூக்கைத் தூக்கி, தலைகீழாகப் புரண்டு, நிமிர்ந்து மறுபக்கம் பாயும். நிஜப் போர் விமானிகள் செய்யும் வித்தை. சில ஸ்பிரைட் படங்களை அடுத்தடுத்து மாற்றுவதுதான் செலவு, ஆனால் கைக்கு அது கொடுக்கும் சுகம் தனி. நான் இந்தக் கேமுக்குத் திரும்பத் திரும்பப் போவது மதிப்பெண்ணுக்காக அல்ல, அந்த ஒரு புரளலுக்காக. இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகலான சந்து வந்தால் கலத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நுழையவும் முடியும். பதற்றத்தில் அது ஞாபகம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கேம் வேறு கணினிகளுக்கும் போனது. அதில் வியப்பானது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பதிப்பு. ஸ்பெக்ட்ரத்தில் ஸ்பிரைட் கிடையாது, விலகல் ரெஜிஸ்டர் கிடையாது, கட்டத்துக்கு ஒரு எண் என்ற ஏற்பாடும் கிடையாது. எல்லாப் புள்ளியையும் செயலியே வரைய வேண்டும். டொமினிக் ராபின்சன் அதே 1986-ல் அதைச் செய்து காட்டினார், ஆட்டம் அதே ஆட்டமாகவே இருந்தது. இன்னொரு வேடிக்கை: 1990-ல் நின்டெண்டோ இயந்திரத்துக்கு தி லாஸ்ட் ஸ்டார்ஃபைட்டர் என்று ஒரு ஹாலிவுட் படத்தின் பெயரில் வந்த கேம், உள்ளே பார்த்தால் யுரிடியம்தான். தலைப்பையும் சில படங்களையும் இசையையும் மாற்றி விற்றிருந்தார்கள். பிரேபுரூக்கே 1993-ல் அமிகா கணினிக்கு யுரிடியம் 2 எழுதினார். அமிகாவில் நிறத்துக்குப் பஞ்சமில்லை.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வைஸில் கணினி மாடலை ஐரோப்பிய, 50 ஹெர்ட்ஸ் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாடலில் நொடிக்கு 60 படம், ஒரு படத்துக்குக் கிடைக்கும் துடிப்புகள் ஏறத்தாழ 17,000 மட்டும். மேலே பார்த்த பட்ஜெட்டில் இரண்டாயிரத்துக்கு மேல் வெட்டு விழுந்துவிடும். 19,656-ஐ நம்பி எழுதிய ஐரோப்பிய கேம்கள் அதில் வேகம் மாறி ஓடும், சில தடுமாறவும் செய்யும். ஜாய்ஸ்டிக் இரண்டாவது போர்ட்டில் வேலை செய்யாவிட்டால் முதல் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். முதல் கப்பலில் சுடுவதை மறந்துவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஒரு சுற்றுப் பறந்து, சுவர்களின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.